ஹியூபேட்டின் நான்காவது கார்

ஹோர்னை ஒரு தடவை அழுத்தினால் அது பிறகு தானாக நிற்காது என்பதைச் சொல்லக் கார் புரோக்கர் பௌஸி மறந்துவிட்டான்.

ஹியூபேட் சவுந்தரநாயகம் அழுத்தியது என்னவோ மெல்லத்தான். வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் ஒரு தேங்காய் லொறி குறுக்கே வந்தது. விரல் நுனியால் தொட்டார். அந்த வெள்ளைக் கொரோலா காலி வீதி முழுவதற்கும் கேட்கும்படி ஒப்பாரி வைக்கத் தொடங்கியது.

"பௌஸி! இதை நிப்பாட்டும்!"

"பயப்பட வாணாம் சேர். வயரக் கழட்டினா சரி. எங்கயாச்சும் ஓரமா எடுங்க."

பின்னால் வந்த பஸ்காரன் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். அது ஹியூபேட்டின் தாயாரைப் பற்றியதாக இருந்தது. அவர் பதறிப்போய், கடற்கரைப் பக்கமாகத் தெரிந்த முதல் ஒழுங்கைக்குள் காரைத் திருப்பினார்.

"ஐயோ டடி, இதுக்குள்ள வேண்டாம்! இதுதான் அந்த ஒழுங்கை!" என்று மகள் பேர்ணடெற் பின் சீட்டில் இருந்து கத்தினாள்.

கத்திப் பயனில்லை. இரு புறமும் அடுக்குமாடிகள். ஞாயிற்றுக்கிழமைக் காலை. கார் அலறிக்கொண்டு உள்ளே நுழைய, ஒவ்வொரு பால்கனியிலும் ஒவ்வொரு தலை முளைத்தது. மூன்றாம் மாடிப் பால்கனியில் முளைத்த தலை சின்னராசாவுடையது. பேர்ணடெற்றுக்குப் பேசி வந்திருக்கிற மாப்பிள்ளையின் தகப்பன்.

உண்மையில் ஹியூபேட் போட்டிருந்த திட்டம் மிக ஒழுங்கானது. கொட்டாஞ்சேனையில் பூசை முடிந்ததும் காரை வெள்ளவத்தை வரைக்கும் ஓடிப் பார்ப்பது. காலி வீதியில் காரையும் பௌஸியையும் விட்டுவிட்டு, குடும்பமாக நடந்து போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது. வாங்கலாமா வேண்டாமா என்று ஓடிப் பார்க்கிற காரில் போய் இறங்கி, வீணாக ஒரு கதையைக் கிளப்ப வேண்டாம் என்று அவர் நினைத்தார்.

ஒரு வழியாக பௌஸி வயரைப் பிடுங்கினான். ஒழுங்கை அமைதியானது. அந்த அமைதியில் மேலிருந்து சின்னராசாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"வாங்கோ, வாங்கோ! என்ன, புதுக் காரோ?"

ஹியூபேட் அண்ணாந்து பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் அவருடைய மனைவி மாக்ரெட் எந்தக் காரியத்திலும் அவரைவிட ஒரு விநாடி முந்தி.

"ஓம் ஓம், எங்கடதான்!"

ஹியூபேட் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார் ஹியூபேட். கலியாணம் கட்டிய நாள் தொட்டு ஒரு கார் வாங்குவதாக மாக்ரெட்டுக்குச் சொல்லிவந்தவருக்கு இப்போதுதான் அதற்குக் கையில் வழி வந்திருந்தது. சண்டை நின்று, வீதித் தடைகளைக் கழற்றி, கொழும்பில் கார்கள் கண்டபடி ஓடித் திரிந்த காலம். வாங்குவதில் தடையொன்றுமில்லை, ஹியூபேட்டைத் தவிர.

மனிதருக்கு முடிவெடுக்க வராது. ஒரு சேட் வாங்கப் போனால், நான்காவது கடையில் நின்றுகொண்டு முதற்கடையில் பார்த்ததை நினைப்பார். "இன்னும் ஒண்டு பாப்பம்" என்பது அவர் வாயில் செபம் மாதிரி வரும். பேர்ணடெற்றுக்கு முன்பு வந்த ஒரு நல்ல சம்பந்தத்திலும் அவர் அப்படித்தான் இன்னும் ஒண்டு பாப்பம், இன்னும் ஒண்டு பாப்பம் என்று கொண்டிருந்தார். அந்த மாப்பிள்ளைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது.

பேர்ணடெற்றுக்கு இருபத்தொன்பது வயது. பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். பஸ் நிறுத்தத்தில் அடிக்கடி கண்டு, குடை பிடித்து, புத்தகம் மாற்றி, கடைசியில் வாய் திறந்து கதைத்த பையன்தான் சின்னராசாவின் மகன் றேமண்ட். பக்கத்தில் ஒரு கொம்பனியில் கணக்காளர். சாதுவான, கத்தோலிக்கப் பையன். "இவரைத் தவிர எனக்கு ஒருதரும் வேண்டாம்" என்று தாயிடம் சொல்லிவிட்டாள். அவள் அப்படி வாய்விட்டு எதையும் கேட்டதே இல்லை. இந்தச் சம்பந்தம் குழம்பினால் பிள்ளை உடைந்துபோவாள் என்று ஹியூபேட்டுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பால்கனியைப் பார்த்துத் திறந்த வாய் மூடிக்கொண்டது.

மூன்றாம் மாடி வீடு மிக அழகாக இருந்தது. பளபளக்கிற தரை, கண்ணாடி அலுமாரி, மெத்தைக் கதிரைகள். சின்னராசாவும் மனைவி அருள்நாயகியும் வாசலுக்கே வந்து வரவேற்றார்கள். ஆனால் என்னவோ இருவருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. சின்னராசா லைற்றைப் போடப் போய் ஒரு சுவிச்சை அழுத்த, தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது. இன்னொன்றை அழுத்த, வாசல் மணி அடித்தது.

"புது வயரிங்" என்று சிரித்தார்.

'பாவம், எங்களைக் கண்டு பதறுகினம்' என்று ஹியூபேட் நினைத்துக்கொண்டார். கார் செய்த வேலை.

மூலையில் ஒரு கதிரையில் ஒரு அம்மாள் இருந்தார். நெற்றியில் திருநீறு, அதன் நடுவில் பெரிய குங்குமம், மடியில் ஒரு சாவிக்கொத்து. வந்தவர்களைக் கண்டு எழும்பவுமில்லை, சிரிக்கவுமில்லை.

"இவ பாக்கியலெட்சுமி அக்கா. எங்கட... சொந்தம்" என்றார் சின்னராசா.

அந்த அம்மாள் சின்னராசாவை ஒரு பார்வை பார்த்தார். சாவிக்கொத்து மடியில் ஒரு தரம் குலுங்கியது.

அருள்நாயகி பிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். றேமண்ட் ஒரு ஓரத்தில் நின்று பேர்ணடெற்றையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தான். சின்னராசா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"எங்களுக்கு இவன் ஒருத்தன்தான். இந்த ஃபிளாட் அவனுக்கெண்டுதான்."

ஹியூபேட்டுக்குத் தேத்தண்ணீர் புரைக்கேறியது. அவர்கள் ஒரு வீட்டையே கொடுக்கிறார்கள். தான் கொடுத்திருப்பது ஒரு பொய்.

திரும்பும் வழியில் மாக்ரெட் வேறு கவலையில் இருந்தாள். "அந்தச் சாவிக்கொத்துக்காரிதான் வீட்டில பெரிய அதிகாரி போல. எல்லாச் சாவியும் அவவின்ர மடியில. எங்கட பிள்ளைக்கு ரெண்டு மாமி."

"அதை விடும். நீர் ஏன் எங்கட கார் எண்டு சொன்னீர்?"

"நாளைக்கு வாங்கத்தானே போறம்? ஒரு நாள் முந்திச் சொன்னா அது பொய்யோ?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. கொரோலாவை வாங்கிவிட்டால் பொய் தானாக உண்மையாகிவிடும். இறங்கியதும் ஹியூபேட் காரைச் சுற்றி வந்தார். கதவுகளைத் திறந்து மூடினார். பொனட்டில் காதை வைத்துக் கேட்டார். பௌஸி ஆவலோடு அவர் முகத்தைப் பார்த்தான்.

"நல்ல காரில்லையா சேர்? எடுப்போமா?"

"நல்லம்தான்... இன்னும் ஒண்டு பாப்பம்."

புதன்கிழமை டெலிபோன் எடுத்தபோது கொரோலா விற்றுப் போயிருந்தது.

"சேர் இன்னும் ஒண்டு பாப்பம் எண்டு செல்லிட்டுப் போனீங்க. நீங்க பாத்துட்டு வாற வரைக்கும் கார் நிக்குமா? அடுத்த ஆள் அப்பவே எடுத்துட்டார். ஆனா நீலச் சன்னி கார் ஒண்டு ஈக்குது. ராஜா மாதிரி."

"ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில போவம். போய் நடந்ததைச் சொல்லுவம்" என்றார் ஹியூபேட் மனைவியிடம்.

"போன கிழமை காரில வந்தவை இந்தக் கிழமை பஸ்ஸில வந்தா என்ன நினைப்பினம்? பொய்க்காரர் எண்டு நினைப்பினம்."

"நாங்கள் பொய்தானே சொன்னனாங்கள்?"

"அது எங்களுக்குத் தெரியும். அவைக்கேன்?"

அடுத்த ஞாயிறு பூசையில் சுவாமியார் உண்மை பேசுவதைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். ஹியூபேட் தலை குனிந்து கேட்டார். வெளியே வந்து, தலை குனிந்தபடியே நீலச் சன்னிக்குள் ஏறினார்.

சன்னி நன்றாகத்தான் ஓடியது. ஒரே ஒரு குறை, பின் கதவுகள் உள்ளே இருந்து திறக்காது. ஒழுங்கையில் கார் நின்றதும் ஹியூபேட் தன் யோசனையில் இறங்கி நடந்துவிட்டார். பௌஸி மறு பக்கம் போய் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாக்ரெட் உள்ளே இருந்து கண்ணாடியில் தட்டினாள். கீழே இறங்கி வந்த சின்னராசாதான் வெளியே இருந்து கதவைத் திறந்து அவளையும் மகளையும் விடுதலை செய்தார்.

"இது வேற காரெல்லோ? அந்த வெள்ளைக் கார் எங்கை?"

மாக்ரெட்டுக்குக் கசங்கிய சேலை, வியர்த்த முகம், ஆனால் வாய் மட்டும் தயார்.

"அது பிள்ளைக்கெண்டு வைச்சிருக்கிறது. சும்மா ஓடினாப் பழுதாப் போயிடும். இது வீட்டுப் பாவிப்புக்கு."

ஹியூபேட் ஒழுங்கைச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாங்காத கார் ஒன்று இப்போது சீதனமாகவே போய்விட்டது.

"அப்ப இவர்?" என்று சின்னராசா பௌஸியைக் காட்டினார். போன கிழமையும் இவனைக் கண்டிருந்தார்.

"றைவர்" என்றாள் மாக்ரெட்.

"றைவர் இருக்க அண்ணை ஏன் ஓடுறார்?"

"அவருக்கு ஓட விருப்பம்."

மேலே போன பிறகு அருள்நாயகி ட்ரைவருக்கென்று ஒரு கோப்பைத் தேத்தண்ணீரும் ரெண்டு பிஸ்கட்டும் கீழே அனுப்பினார். பௌஸி அதைக் குடித்தான். ஆனால் மனம் நொந்துபோனான். திரும்பும்போது வாய் திறந்து கேட்டும்விட்டான்.

"அக்கா, நான் பதினெட்டு வருஷமா இந்த பிஸ்னஸ் செய்ற. என்னைய ட்ரைவர் எண்டு செல்லிட்டீங்களே."

"கலியாணம் முடியட்டும் தம்பி. உம்மை முதல் வரிசையில இருத்திறன்."

மேலே அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். அருள்நாயகி ஹியூபேட்டுக்குக் கை கழுவும் இடத்தைக் காட்டுகிறேன் என்று ஒரு கதவைத் திறந்தார். அது அலுமாரி. உள்ளே தொங்கிய சேலைகளைப் பார்த்து அவரே திகைத்து நின்றார். போன கிழமை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படம் இந்தக் கிழமை சாப்பாட்டு மேசைக்கு மேலே இருந்தது. "பக்தியான குடும்பம். ஒரு சுவரையும் விடாமல் ஆசீர்வதிக்கினம்" என்றாள் மாக்ரெட், படியிறங்கும்போது.

மூலையில் அந்த அம்மாள் அப்படியே இருந்தார். கைக்கடிகாரத்தை மட்டும் அடிக்கடி பார்த்தார்.

கிளம்பும் நேரம் சின்னராசா சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு யோசினை அண்ணை. இஞ்ச கீழ ஒரு வாகனம் விடத்தான் இடம் இருக்கு. பிள்ளையின்ர கார் வந்தா, நீங்கள் வாறபோது உங்கட காரை எங்கை விடுறது?"

அதுவரை வாயே திறக்காதிருந்த பாக்கியலெட்சுமி அம்மாள் சட்டென்று நிமிர்ந்தார்.

"இன்னொரு இடம் இருக்கு. அதுக்குத் தனிக் காசு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தக் கிழமை ஹியூபேட் சரியாகச் சாப்பிடவில்லை. சன்னியை எடுப்போமா என்று பௌஸி கேட்டதற்கு, கதவு திறக்காத காரை வாங்கினால் மாக்ரெட் ஒவ்வொரு நாளும் உள்ளேயே இருந்துவிடுவாளே என்ற எண்ணம் ஒரு கணம் இனித்தாலும், "இன்னும் ஒண்டு பாப்பம்" என்றுதான் சொன்னார். சன்னியும் போனது.

"இந்த முறை கார் வேண்டாம். காரைக் கண்டா இது மூண்டாவது எண்டு எண்ணுவினம்" என்று மாக்ரெட் தீர்மானித்தாள். "வேற ஏதாவது கொண்டுவாரும் பௌஸி."

பௌஸி வேற ஏதாவது கொண்டுவந்தான். அது ஒரு வான்.

"குடும்பத்துக்கெண்டே செஞ்ச மாதிரி அக்கா. பத்துப் பேர் போகலாம். ஒரு மாசமா ஓடவே இல்ல."

அதற்கு முந்தி ஒவ்வொரு விடியற்காலையும் அது பேலியகொடை மீன் சந்தைக்கு ஓடியிருந்தது என்பதை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்போது பேர்ணடெற் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டடி, நான் இறங்கிப் பஸ்ஸில வாறன்" என்று அழாக்குறையாகச் சொன்னாள். வெள்ளவத்தை ஒழுங்கையில் வான் நின்றதும் மதில்களில் இருந்து பூனைகள் குதித்து வந்து சுற்றி உட்கார்ந்தன.

சின்னராசா பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இவர்கள் மேலே வந்ததும், "இதுவும் உங்கடையோ?" என்று கேட்ட குரலில் ஒரு பயபக்தி இருந்தது.

"ஓம்" என்றாள் மாக்ரெட். இனி இல்லை என்று சொல்ல வழியில்லை. "குடும்பமா மடு மாதா திருநாளுக்குப் போக எண்டு எடுத்தது. ரோட்டைத் திறந்திட்டினம்தானே."

"கடவுளே, நல்ல விசயம்! ஆவணித் திருநாளுக்கு ரெண்டு குடும்பமும் ஒண்டாப் போவம். உங்கட வானிலேயே போவம்!"

அருள்நாயகி மூக்கை மெல்ல உறிஞ்சினார். "ஏதோ மீன் வாசம் மாதிரி..."

"பேலியகொடையில மொத்தமா எடுத்து சொந்தக்காரருக்குப் பகிர்ந்தனாங்கள்" என்றார் ஹியூபேட்.

சொன்னது தான்தான் என்று அவருக்கே நம்ப முடியவில்லை. மாக்ரெட் முதன்முறையாகத் தன் கணவனை மரியாதையோடு பார்த்தாள்.

"அப்ப அடுத்த முறை எங்களுக்கும் ஒரு அறக்குளா கொண்டுவாங்கோ" என்றார் சின்னராசா. "எங்கட வீட்டில மீன் இல்லாட்டி ஒருதருக்கும் சோறு இறங்காது."

மூலையில் சாவிக்கொத்து பலமாகக் குலுங்கியது.

அன்று பின்னேரம் பேர்ணடெற் தகப்பனிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"டடி, கலியாணத்துக்குப் பிறகு அவருக்கு என்னெண்டு முகம் குடுப்பன்? கார் எங்கை, வான் எங்கை எண்டு கேப்பினம். நான் பொய்க்காரற்ற பிள்ளை எண்டுதான் அந்த வீட்டுக்குள்ள போகவேணும்."

ஒரு சாதாரண மனிதனாக மரியாதையோடு வாழ்ந்தவர் ஹியூபேட். இருபத்தொன்பது வயதில் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்றை, தன்னுடைய இன்னும் ஒண்டு பாப்பம்தான் கெடுக்கப் போகிறது என்று விளங்கியது. அன்றே பௌஸிக்கு டெலிபோன் எடுத்தார்.

"பௌஸி, வாற ஞாயிறு கொண்டுவாற காரை நான் எடுக்கிறன். அது என்ன காரா இருந்தாலும் சரி."

"சேர், உங்களுக்கு உடம்புக்கு ஒண்டும் இல்லையே?" என்றான் பௌஸி.

நான்காவதாக வந்தது ஒரு வெள்ளி நிற லான்சர். கண்ணாடிபோல் மினுங்கியது. ஹோர்ன் அடித்தால் நின்றது. கதவுகள் இரு பக்கமும் திறந்தன. பூவின் வாசம் அடித்தது. ஒரே தொந்தரவு, காரின் சொந்தக்காரர் கூடவே வந்தார். வெள்ளைக் காற்சட்டை போட்ட சிங்கள மனிதர். தன் காரை அந்நியர் கையில் தனியாக விடமாட்டாராம். ஹியூபேட் பிரேக்கை மிதித்தபோதெல்லாம் அவர் பின் சீட்டில் இருந்து பெருமூச்சு விட்டார். பௌஸியை இந்த முறை வீட்டிலேயே விட்டுவிட வேண்டியதாயிற்று.

அறக்குளா மீனை ஹியூபேட் விடியவே பேலியகொடைக்குப் போய் வாங்கி வந்திருந்தார். பேப்பரில் சுற்றி, பையில் போட்டு, சொந்தக்காரர் பார்க்காத நேரம் டிக்கிக்குள் வைத்தார். போய்ச் சேர்ந்ததும் அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். மனம் லேசாக இருந்தது. இன்று கார் வாங்குகிறோம். ஒரு காராவது உண்மையாகிவிடும். மற்ற மூன்றையும் விற்றுவிட்டோம் என்று சொன்னால் போச்சு.

"இந்தாங்கோ, நீங்கள் கேட்டது."

அருள்நாயகி மீனை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். ஒவ்வொரு லாச்சியாக இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. "கத்தி எங்கையப்பா?" என்று உள்ளேயிருந்து மெல்லிய குரலில் கேட்டார். சின்னராசா, "உங்கதான் எங்கையாவது இருக்கும்" என்று அதைவிட மெல்லிய குரலில் சொன்னார்.

அப்போதுதான் பாக்கியலெட்சுமி அம்மாள் கதிரையில் இருந்து எழும்பினார். நான்கு கிழமையில் முதன்முறையாக.

"என்னது அது? மீனோ? இந்த வீட்டுக்குள்ள மீனோ! இந்த அடுப்பில இண்டைக்கு வரைக்கும் ஒரு முட்டை கூட ஏறினதில்லை!"

ஹியூபேட் விழித்தார். மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காத வீட்டு அடுப்பு முட்டையே கண்டதில்லையா? யோசிக்க அவகாசம் கிடைக்கவில்லை. மாடிப்படியில் தட தடவென்று காலடி கேட்டது. திறந்திருந்த வாசலில் லான்சரின் சொந்தக்காரர் நின்றார். மூச்சு வாங்கியது. ஈரக் கைகளை விரித்து முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக் காற்சட்டையில் மீன் தண்ணீர் வரி வரியாக இறங்கியிருந்தது. டிக்கியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"மாத்தயா! தங் கார் எக்க கன்னவாத, நத்த?"

கொழும்பில் இருக்கிற எவருக்கும் இதை மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. இப்போது காரை எடுக்கிறாயா இல்லையா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

"இவர்... எங்கட புது றைவர்" என்றாள் மாக்ரெட். ஆனால் அந்த வாயிலும் அன்று சுருதி இறங்கியிருந்தது.

"ட்ரைவர் நெமே!" அந்த மனிதர் தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டினார். "நான் ஓனர்! கார் என்ட கார்! இந்த மாத்தயா சும்மா ஓடிப் பார்க்கிறது! டிக்கி எல்லாம் மாலு வத்துர, மீன் தண்ணி! இப்ப எடுக்கத்தான் வேணும்!"

பேர்ணடெற் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டாள். ஹியூபேட் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், சுவரில் இன்று மூன்றாவது இடத்தில் இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்தார். இதற்கு மேல் பார்க்க இன்னும் ஒண்டும் இல்லை.

"சின்னராசா அண்ணை" என்று எழும்பினார். "எங்களிட்டைக் கார் இல்லை. வெள்ளைக் காரும் இல்லை, நீலக் காரும் இல்லை, வானும் இல்லை. எல்லாம் வாங்கிறதுக்கு ஓடிப் பாத்தது. நாங்கள் பஸ்ஸில போய்வாற ஆக்கள். பௌஸி றைவர் இல்லை, புரோக்கர். நீங்கள் பிள்ளைக்கு ஒரு வீட்டையே குடுக்கிறியள், நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். என்னை என்ன வேணுமெண்டாலும் பேசுங்கோ. பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

"இந்தக் காரை நான் எடுக்கிறன்" என்று லான்சர்க்காரர் பக்கம் திரும்பிச் சொல்லவும் மறக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் ஒரே மூச்சில் எடுத்த முதல் முடிவு அது.

றேமண்ட் ஓரத்தில் இருந்து நடந்து வந்து பேர்ணடெற்றுக்குப் பக்கத்தில் நின்றான். "அங்கிள், எனக்குக் காரும் வேண்டாம், வானும் வேண்டாம். இவவை நான் கண்டது பஸ் நிறுத்தத்திலதான்" என்றான். பிறகு தகப்பனைப் பார்த்து, "அப்பா, இப்பவாவது நீங்கள்..." என்று இழுத்தான்.

இனிச் சின்னராசா வெடிக்கப் போகிறார் என்று ஹியூபேட் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வெடிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், சின்னராசா கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார். குசினி வாசலில் அருள்நாயகி அறக்குளாவை ஏந்தியபடி தலை குனிந்து நின்றார்.

பாக்கியலெட்சுமி அம்மாள்தான் சாவிக்கொத்தைத் தூக்கி மேசையில் அடித்து வைத்தார்.

"அந்த மனுசன் கேட்டதைத்தான் நானும் கேக்கிறன், சின்னராசா. நாலு ஞாயிறா சம்பந்தக்காரரைக் கூட்டிவந்து காட்டுறியள், படம் கொழுவி என்ர சுவரெல்லாம் ஓட்டையாக்கிப்போட்டியள், இப்ப மீனும் கொண்டந்திட்டியள். நீங்களும் சொல்லுங்கோ, இந்த வீட்டை எடுக்கிறியளோ இல்லையோ?"